வெளுத்ததெல்லாம் வெந்நீர்க் கயோலினா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய மண்வெட்டுகளில் வெள்ளையாக எதைக் கண்டாலும் "வெந்நீரால் உருவான கயோலின்" (காகிதப் பூச்சுக்கு உதவும் வெள்ளைக் களிமண்) என்று குறித்துக்கொள்ளும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாதிரிப் பையில் எண் போட மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, பெரிய தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஈர மாதிரியைச் சூட்டடுப்பில் காயவைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. களிமண்ணை இரவு முழுக்க 105 டிகிரியில் வைத்து, காலையில் பொடித்து எக்ஸ்ரே இயந்திரத்தில் போடுவார்கள். கனிம அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் வரைபடத்தில் 7 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அருகே சிகரம் எழும்பும். அறிக்கையில் "கயோலினைட்" (கயோலினின் முக்கியக் கனிமம்) என்று ஏறிவிடும்.

அது கயோலினைட்டின் உறவுக் கனிமமான ஹாலோய்சைட்டாகவும் இருக்கலாம். ஈரமாக இருக்கையில் அதன் அடுக்குகளுக்கு நடுவே நீர் நிற்பதால் இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராம். சூட்டில் நீர் வெளியேறி 7.2-7.4க்குச் சுருங்கும். அப்புறம் ஊறப்போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

மாதிரியை இரட்டைப் பையில் ஈரத்தோடு கட்டுங்கள். ஈரமாகவே கண்ணாடித் தகட்டில் பூசி முதல் பதிவை எடுங்கள். ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? ஃபார்மமைடு என்ற திரவத்தைத் தெளித்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பதியுங்கள். ஹாலோய்சைட் 10.4 வரை விரியும். கயோலினைட் அதற்குள் பெரிதாக அசையாது. ஃபார்மமைடு நச்சு: கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் கட்டாயம்.

பெயர்க் குழப்பம்தானே என்று நினைக்க வேண்டாம். ஹாலோய்சைட் பெரும்பாலும் குழல் வடிவம். தட்டையான கயோலினைட்டை நம்பிக் கலக்கும் கூழ் அதனால் தடித்துப்போகும். காகிதப் பூச்சுக்கு வாங்கியவர் சரக்கைத் திருப்பினால், மறுபடி துளைபோடும் செலவு நம் தலையில்.

7 ஆங்ஸ்ட்ராமோடு நிறுத்துவது

குளோரைட் என்ற வேறொரு கனிமத்துக்கும் அங்கே சிகரம் உண்டு. 550 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள்: கயோலினைட் சிகரம் மறையும், குளோரைட்டின் 14 ஆங்ஸ்ட்ராம் சிகரம் நிற்கும்.

மேல்மண்ணை மட்டும் பார்த்து, களிமண் எப்படி உருவானது என்று சொல்வது

கிராணைட் பாறை களிமண்ணாக இரு வழிகள்: மழைநீர் மேலிருந்து அரிக்கும். களிமண் போர்வைபோல் கிடந்து, ஆழத்தில் மெலிந்து கிராணைட்டில் முடியும். அமில வெந்நீரோ ஆழத்திலிருந்து பிளவுகள் வழியே வரும். கிராணைட்டிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் பொட்டாசியத்தைக் கொண்டுபோகும், மிஞ்சும் சிலிக்கா குவார்ட்ஸாகும். அதனால் களிமண் குவார்ட்ஸ் நரம்புகளை ஒட்டி ஆழத்துக்கு இறங்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலிலுள்ள செயின்ட் ஆஸ்டலில் அது 200 மீட்டருக்கும் கீழே போகிறது. அங்கேயும் மழைநீரின் பங்கு உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

கிராணைட்டில் கயோலினைட்டின் இன்னொரு உறவுக் கனிமமான டிக்கைட் கிடைத்தால் வெந்நீர் வாதம் வலுக்கும். அகச்சிவப்பு நிறமாலையின் ஹைட்ராக்சில் பகுதியில் கயோலினைட்டுக்கு 4 பட்டைகள், டிக்கைட்டுக்கு 3.

பேராக்கின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றைச் சாட்சிக்கு இழுப்பது

ஊற்று இன்றையது. கிராணைட்டுக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டு. இன்றைய ஊற்றைக் காட்டி, களிமண்ணும் வெந்நீரால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது

காய்ந்த களிமண் எதுவும் ஒட்டும். அதை வைத்துக் கயோலின் என்று சொல்ல முடியாது.