தேங்காயெண்ணெய் உறையும் நாள்

ஜூன், ஜூலையில் டெல்லிக்கு வந்து இறங்கியவர்கள் எல்லோரும் பாடுவது ஒரே பாட்டு: "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" கொஞ்சம் பொறுங்கள். செப்டம்பர் கடைசியில் மழை விடைபெற்றுவிடும். கொலு வைக்கும் நாட்களில் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கியிருப்பீர்கள். அப்புறம் ஒரு நாள் காலை, தலைக்குத் தடவலாம் என்று தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட வராது. உள்ளே வெள்ளையாக உறைந்துகிடக்கும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது அப்படித்தான். என் காலண்டரில் கூதிர்காலம் பிறப்பது அன்றைக்குத்தான்.

ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. இங்கே ஐப்பசியில் குடையை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். இந்த இளங்குளிருக்கு டெல்லிக்காரர்கள் வைத்த பெயர் 'குலாபி டண்ட்', ரோஜா நிறக் குளிர். இலை உதிரும் என்று காத்திருக்காதீர்கள். வேம்பும் அரசும் இங்கே கொட்டுவது பிப்ரவரி, மார்ச்சில்.

அக்டோபர் ராத்திரிகளில் தெருவெல்லாம் ஒரு வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டில் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அது ஏழிலைப்பாலை மரம். முதல் நாள் சொக்கவைக்கும், நாலாம் நாள் தலைவலிக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், வாடகைக்கு வீடு பார்க்கும்போதே படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே என்ன மரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை, வாங்க டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம். முதல் வருஷம் அவசரத்தில் நடைபாதையில் ரெடிமேடாக ஒன்று வாங்கினேன். ஒரே மாதத்தில் பஞ்சு முழுக்கக் கால்பக்கம் திரண்டுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பாதி கந்தல் துணி. பஞ்சை நம் கண்ணெதிரே வில்லால் அடித்து நிரப்பித் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், துனியா என்று பெயர். ஒருவர் போர்த்த இரண்டு, மூன்று கிலோ பஞ்சு போதும். வாங்கியதும், பழையதென்றாலும், அக்டோபர் வெயிலில் இரண்டு நாள் மொட்டைமாடியில் காயப்போடுங்கள். ராத்திரி போர்த்தினால் வெயில் வாசனை வரும்.

இட்லி மாவு சண்டித்தனம் செய்ய ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உப்பைக் கையால் கலந்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வையுங்கள். நவம்பரில் அதற்கும் மசியாது. மதியமே அரைத்துவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஷகர்கந்தி வண்டி வரும். கரியில் சுட்ட சர்க்கரைவள்ளியைத் துண்டு போட்டு, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து, மேலே கம்ரக் என்ற நட்சத்திரப் பழத்தை அரிந்து போடுவார்கள். அவசியம் சாப்பிடுங்கள். சந்தையில் இளம் முள்ளங்கி வந்திருக்கும். சாம்பாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கந்த சஷ்டிக்கு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படியேறினால் சட்டை நனையாது.

ஆனால் இந்தச் சுகத்துக்கு ஆயுசு கம்மி. தீபாவளியை ஒட்டிப் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை, பட்டாசுப் புகை, வண்டிப் புகை எல்லாம் காற்றில்லாமல் ஊர் மேலேயே தேங்கி நிற்கும். விடிகாலை நடையை அப்போது விட்டுவிடுங்கள். ஜன்னலை மதியம் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தால் போதும். என்95 முகக்கவசம் பத்து வாங்கி வையுங்கள்.

தேங்காயெண்ணெய்க்கு வழி சுலபம்: குளிக்கும் வெந்நீர் வாளியில் பாட்டிலை மிதக்கவிடுங்கள், துவட்டி முடிப்பதற்குள் உருகிவிடும். கங்கா ஸ்நானத்துக்கு நல்லெண்ணெய் என்பதால் தப்பித்தோம், அது உறையாது.