ஜென்டூவில் ஒரு தொகுப்பை மட்டும் பிடித்து வைப்பது எப்படி?

காலையில் ஜென்டூவில் அப்டேட் ஓடவிட்டுப் போய், மாலையில் வந்து பார்த்தாலும் லிப்ரேஆபீஸ் கம்பைல் ஆகிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டுகிற லினக்ஸில் இது சகஜம். (பொறுமை இல்லாதவர்களுக்கு, முன்பே கட்டித் தயாராக வைத்திருக்கும் 'லிப்ரேஆபீஸ்-பின்' தொகுப்பு இருக்கிறது. நானும் ஓடிப் போனவன்தான்.) எதைப் புதுப்பிப்பது, எதை விடுவது என்று ஜென்டூவின் தொகுப்பு மேலாளரான போர்டேஜுக்குச் சொல்ல முடியும். கீழே கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், என்ன வரப்போகிறது என்று பாருங்கள். ரூட்டாக:

எமெர்ஜ் --சிங்க்
எமெர்ஜ் --ப்ரிடெண்ட் --வெர்போஸ் --அப்டேட் --டீப் --நியூயூஸ் @வேர்ல்ட்

ப்ரிடெண்ட் இருக்கும்வரை எதுவும் நிறுவப்படாது, பட்டியல் மட்டும் வரும். அதில் 'யூ' என்றால் புதிய பதிப்பு, 'ஆர்' என்றால் அதே பதிப்பை மறுபடி கட்டுவது. 'யூடி' என்றால் பதிப்பு கீழே இறங்குகிறது. அதைப் பார்த்தால் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள்.

இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றால், ப்ரிடெண்டை எடுத்துவிட்டு, அதே கட்டளையில் --எக்ஸ்க்ளூட் ஆப்-ஆபீஸ்/லிப்ரேஆபீஸ் என்று சேர்த்தால் போதும். அடுத்த முறை மறுபடி வந்து நிற்கும்.

நிரந்தரமாக நிறுத்த /ஈடிசி/போர்டேஜ்/பேக்கேஜ்.மாஸ்க் கோப்பு. அது அடைவாக இருந்தால் உள்ளே ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இப்படி எழுதுங்கள்:

# 24.8-இல் மேக்ரோக்கள் ஓடுகின்றன. 25-ஐச் சோதித்த பின் எடுக்கவும்
>=ஆப்-ஆபீஸ்/லிப்ரேஆபீஸ்-25

இந்த வரியில்தான் நான் சறுக்கினேன். நிறுவியிருந்த பதிப்பின் முழு எண்ணையும் போட்டு, முன்னால் '>' மட்டும் வைத்தேன். கையிலிருப்பது 24.8.4.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால் 24.8.5 வராது. 24.8.4.2-ஆர்1 (அதே பதிப்புக்கு ஜென்டூ செய்யும் திருத்தம்) கூட வராது, ஏனென்றால் போர்டேஜ் கணக்கில் ஆர்1 அதைவிடப் பெரியது. பிழைத்திருத்தங்கள் வருவதே இந்தச் சின்ன எண்களில்தான். அதனால் ஒரு பதிப்பைப் பிடிக்காமல் ஒரு வரிசையைப் பிடியுங்கள்: 25-லிருந்து வேண்டாம், 24.8-க்குள் எது வந்தாலும் சரி.

மேலே '#' போட்டு எழுதிய காரணத்தை விட்டுவிடாதீர்கள். வேறொரு தொகுப்பு அந்தப் புதிய பதிப்பைக் கேட்டு முட்டிக்கொண்டால், போர்டேஜ் கோப்பின் பாதையோடு அந்தக் குறிப்பையும் திரையில் காட்டும். ஆறு மாதம் கழித்து, 'இதை யார் தடுத்தது?' என்று விழிக்கும்போது பதில் நம் கையெழுத்திலேயே இருக்கும். ஜிலிப்சி, ஓப்பன்எஸ்எஸ்எல், பைத்தான் போன்றவற்றை மட்டும் இப்படிக் கட்டிப்போடாதீர்கள். பாதி கணினி அவற்றின்மேல் நிற்கிறது.

இதற்கு நேரெதிரான தேவையும் வரும். கணினி முழுக்க நிலையான பதிப்புகள், நியோவிம் எடிட்டர் மட்டும் புத்தம்புதிதாக வேண்டும் என்றால் அதே /ஈடிசி/போர்டேஜில் பேக்கேஜ்.அக்செப்ட்_கீவேர்ட்ஸ் கோப்பில் ஒரே வரி ('~' என்றால் சோதனையில் உள்ள பதிப்பும் சரி என்று பொருள்):

ஆப்-எடிட்டர்ஸ்/நியோவிம் ~ஏஎம்டி64

தடுத்து வைத்த தொகுப்பில் பாதுகாப்பு ஓட்டை வந்துவிட்டதா என்று அவ்வப்போது, ஜென்டூவின் பாதுகாப்பு அறிவிப்புகளோடு ஒப்பிடும் 'ஜிஎல்எஸ்ஏ-செக் --டெஸ்ட் ஆல்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வரும் அறிவிப்பு எண்ணைத் திறந்து பார்த்து, அது உங்கள் தொகுப்பைப் பற்றியதாக இருந்தால் மாஸ்க் வரியை அழித்துவிட்டு:

எமெர்ஜ் --ஆஸ்க் --ஒன்ஷாட் ஆப்-ஆபீஸ்/லிப்ரேஆபீஸ்

மாலை வரை வேறு வேலை பார்க்கலாம்.