ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த டீசல் கார் இழுக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

கிளட்ச் மாற்றக் கொடுத்த வண்டி பிக்கப் இல்லாமல் திரும்புகிறது. டைமிங் செயின் (இன்ஜினின் உள்ளே ஓடும் சங்கிலி) மாற்றிய வண்டி 3000 ஆர்பிஎம்மைத் தாண்ட மறுக்கிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸில் உள்ள 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை இப்போது பெரும்பாலும் வெளி மெக்கானிக்குகள்தான் பிரிக்கிறார்கள். ஃபியட் வடிவமைத்த இதே 1248 சிசி இன்ஜின்தான் டாடா விஸ்டாவிலும் புன்டோவிலும் இருக்கிறது. கீழே உள்ளவை அதை வைத்துச் சொன்னவை. மற்ற காமன்ரெயில் டீசல்களுக்கும் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் 'ரெயில்' என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பெரும்பகுதி பொருந்தும்.

மெக்கானிக்கிடம் கேட்டால், "டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போயிடுச்சு சார்" என்பார். வேலைக்குக் கொடுத்த அன்று நன்றாக ஓடிய டர்போ, கியர்பாக்ஸ் இறக்கிய கையோடு தானாகச் சாவது அபூர்வம். அதனால் பில்லை எடுத்து, என்னென்ன கழற்றினார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன், குறை இன்ஜினில்தானா என்று பாருங்கள். நான்காம் கியரில் 50 கிமீ வேகத்தில் மிதியை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் வேலை நடந்திருந்தால், பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு வீலருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பேடை அழுத்தும் காலிபர் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டார்கள். புது ஃப்ளோர் மேட் மிதிக்கு அடியில் மடங்கிக் கிடப்பதும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாருங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆக்ஸிலரேட்டர் அளவு முழு மிதியில் எவ்வளவு காட்டுகிறது என்பதும் இதைச் சொல்லிவிடும்.

அடுத்தது ஸ்கேனர். ஈஎல்எம் 327 வகை ப்ளூடூத் கருவியும் போன் ஆப்பும் போதும். ஆனால் சில பழைய பிஎஸ் 3 (பாரத் ஸ்டேஜ் 3 புகை விதி) வண்டிகள் மலிவுக் கருவியோடு பேசாது. கோட் (கணினி பதிவு செய்த கோளாறு எண்) இருந்தால் அழிக்காதீர்கள், போட்டோ எடுங்கள். கூடவே பதிவாகியிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் வேண்டும்: எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் கோளாறு வந்தது என்று அதில் இருக்கும். பி 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி 0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு, பி 0101 என்றால் காற்றளவு சென்சார் சொல்வது நம்பும்படி இல்லை, பி 0016 என்றால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கும் வால்வுகளைத் திறக்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. கோட் சொல்வது அறிகுறியைத்தான். பி 0299 வந்ததும் டர்போ வாங்கப் போகாதீர்கள்.

இப்போது அழுத்தத்தை அளக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், ஸ்கேனரில் இன்டேக் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், பெங்களூரில் 91, ஊட்டியில் 78. இதிலேயே தப்பு என்றால் சென்சாரையோ அதன் ப்ளக்கையோ பாருங்கள். சரியாக இருந்தால், காலியான ஏற்றச் சாலையில் மூன்றாம் கியரில் 1800 முதல் 3500 ஆர்பிஎம் வரை முழு மிதியில் ஓட்டி, பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடல்மட்ட ஊரில் அளவு 200-ஐ ஒட்டி ஏற வேண்டும். 120, 130-லேயே நின்று பின்னால் கரும்புகை தள்ளினால் காற்று எங்கோ வெளியேறுகிறது.

எங்கே என்றால், பெரும்பாலும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில். கியர்பாக்ஸை இறக்க பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் வெளியே வரும். திரும்ப மாட்டும்போது ஹோஸ் விளிம்பு குழாயில் முழுதாக ஏறாமல் கிளாம்ப் மட்டும் இறுகியிருக்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. லோடில்தான் அது பிரிந்து 'புஸ்' என்று கேட்கும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். புதிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமிடம்தான் பெரும்பாலும் ஓட்டை. தெரியாவிட்டால், இன்ஜினை நிறுத்திவிட்டு டர்போவின் உள்ளிழு வாயை அடைப்பான் போட்டு மூடி, அதன் வழியே அரை பார் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். அதிகம் ஏற்றினால் ஆயில் சீல் பிதுங்கும்.

டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயைத் தனியாகப் பாருங்கள். இதில் வண்டிக்கு வண்டி அறிகுறி தலைகீழ். 75 பிஎஸ் (இங்கே பிஎஸ் என்பது இன்ஜின் சக்தியின் அளவு) ஸ்விஃப்ட், டிசையரில் உள்ளது சாதாரண டர்போ. அதன் வேஸ்ட்கேட் (அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் வால்வு) குழாய் கழன்றால் அழுத்தம் எல்லை மீறி, இன்ஜின் கணினியான ஈசியு டீசலைக் குறைத்துவிடும். வண்டி நன்றாக இழுத்துத் திடீரென அடங்கும். எர்டிகா, சியாஸில் வந்த 90 பிஎஸ் இன்ஜினில் இலை மாறும் டர்போ (புகை வரும் வழியை உள்ளிருக்கும் இலைகள் சுருக்கி விரிக்கும் வகை). வேக்கமில் (வெற்றிட உறிஞ்சலில்) இயங்கும் அந்த வகையில் குழாய் கழன்றால் இலைகள் திறந்தே நிற்கும். ஆரம்பத்திலிருந்தே வண்டி செத்த மாதிரி ஓடும்.

காற்றளவு சென்சாரைச் சோதிக்க, இன்ஜினை நிறுத்தி அதன் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். இழுவை திரும்பினால் சென்சாரோ அதன் வயரோ பழுது. கோட் ஒன்று பதிவாகும், கவலை வேண்டாம். உறையின் மேல் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஏர் பெட்டியைத் திறந்து பாருங்கள்: உள்ளே துடைக்கும் துணி, புது ஃபில்டரின் பிளாஸ்டிக் உறை என்று எதுவும் இருக்கலாம்.

காற்றுப் பக்கம் சுத்தம் என்றால் டீசல் பக்கம். ரெயில் அழுத்தத்தில் ஈசியு கேட்பதையும் உண்மையில் கிடைப்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐடிலில் சுமார் 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு லோடில் 1400-க்கும் மேல் கேட்கும். கேட்பது ஏற ஏற கிடைப்பது பின்தங்கினால் டீசல் ஃபில்டர், லைனில் காற்று, இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு (தெளிக்காமல் டேங்குக்கே திரும்பும் டீசல் அதிகமாவது) என்று வரிசையாகப் பாருங்கள். ஃபில்டர் புதிதாக மாட்டியிருந்தால் சந்தேகம் முதலில் காற்றின் மேல். ஃபில்டருக்குப் பிறகு வரும் குறைந்த அழுத்தக் குழாயில் ஒரு துண்டு ட்ரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். ரிட்டர்ன் சோதனைக்கு நான்கு இன்ஜெக்டர்களுக்கும் தனித்தனி பாட்டில் மாட்டி ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிரப்பும் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் புதிதின் மேல் அச்சிட்ட அளவீட்டு எண்ணை ஸ்கேனரில் ஏற்ற வேண்டிய வண்டிகளில் அது ஏறியதா என்று கேளுங்கள். அடியிலுள்ள செம்பு வாஷர் ஒருமுறைக்குத்தான். பழையதையே போட்டால் 'சக்சக்' என்று கசிந்து தார் போல உறையும். ஓடும் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தேடவே கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டைமிங் செயின் வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால், மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவைத்து அதிலிருந்தே தொடங்குங்கள். கேமையும் கிராங்கையும் பூட்டும் பின்கள் இல்லாமல், பெயின்ட் குறி வைத்துச் செய்தால் ஒரு பல் தவறுவது எளிது. கேம் பல்சக்கரத்தில் 36 பல் என்றால் ஒரு பல் கிராங்கில் 20 டிகிரி. தாமதமாக ஸ்டார்ட் ஆவது, பி 0016, நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) மூன்றும் சேர்ந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். கம்ப்ரஷனை டீசல் கேஜில், க்ளோ ப்ளக் (குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ப்ளக்) ஓட்டை வழியே பாருங்கள். நல்ல இன்ஜினில் 25 பாருக்குக் குறையாமல் வரும். பெட்ரோல் கேஜ் இதைத் தாங்காது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவென்றால் வால்வு, ரிங், கேஸ்கெட் பக்கம் போங்கள். நான்கும் குறைவாக இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் டோ செய்து கொண்டுபோங்கள். இந்த இன்ஜினில் டைமிங் இன்னும் விலகினால் பிஸ்டன் வால்வை இடித்து ராக்கர் ஆர்ம்கள் உடையும். அதே ஒர்க்‌ஷாப்புக்கே போவதென்றால் கவரைத் திறக்கும்போது கூடவே நின்று, பூட்டும் பின் உள்ளே போகிறதா என்று உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.