பழைய கட்டடத்தின் முற்றத்துக்கு இலேசான கண்ணாடிக் கூரை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

படி 1: சுவர். கூரையை வரையும் முன்பே, அதைத் தாங்கப்போகும் சுவர்கள் எவ்வளவு எடையைச் சுமக்கும், எவ்வளவு பக்கவாட்டு உந்தலைத் தாங்கும் என்று தனித்தனியே கணக்கிடுங்கள். வளைந்த கூரை எடையைக் கீழிறக்குவதோடு சுவரை வெளிப்புறமாகத் தள்ளவும் செய்யும். பழைய கற்சுவர் முன்னதைப் பெரும்பாலும் பொறுக்கும், பின்னதைப் பொறுக்காது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2000-இல் திறக்கப்பட்ட பெருமுற்றத்தின் கூரை, சுற்றுக் கட்டடங்களின் மேல் நகரும் தாங்கிகளில் அமர்ந்திருப்பது இதனால்தான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: சுவர் ஏற்காத உந்தலைக் கூரையே சமாளிக்க வேண்டியிருப்பதால் எஃகு தடிக்கிறது.

படி 2: வளைவு. ஒரு சங்கிலியை இரு முனைகளில் பிடித்துத் தொங்கவிட்டு, அது கொள்ளும் வளைவைத் தலைகீழாக வரைந்தால், தன் எடையைப் பெரும்பாலும் அமுக்கவிசையாகவே, அதாவது கம்பியை வளைக்காமல் நெடுக அழுத்தியே, கடத்தும் வடிவம் கிடைக்கும். தட்டையான கூரை அப்படிக் கடத்தாது; அதில் எஃகைக் குறைக்க முயல்வது, என் கருத்தில், வீண் வேலை.

படி 3: வலை. கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளை எந்த வடிவில் பின்னுவது? தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இது. நான்கு குச்சிகளை நூலால் கட்டிச் சதுரமாக்கி ஒரு மூலையை அழுத்துங்கள், அது சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது, அதன் கண்ணாடியும் எப்போதும் தட்டையாகவே இருக்கும்; ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் ஆறு கம்பிகள் கூடும். பிரிட்டிஷ் மியூசியம் முக்கோணத்தையே தேர்ந்தது, அங்குள்ள 3,312 கண்ணாடிகளும் வெவ்வேறு அளவினவாக அமைந்தன. ஹாம்பர்க் வரலாற்று அருங்காட்சியகத்தின் முற்றத்துக்கு 1989-இல் ஜெர்மன் கட்டமைப்புப் பொறியாளர் யோர்க் ஷ்லைஷ் வேறு வழி கண்டார்: 60×40 மில்லிமீட்டர் எஃகுப் பட்டைகளால் நாற்கர வலை பின்னி, மெல்லிய வடங்களை மூலைவிட்டங்களாக இழுத்துக் கட்டினார். ஒருபக்கம் மட்டும் பனி குவிந்தால் வளைவு உருக்குலையாதிருக்க, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளைப் போன்ற வட விசிறிகளையும் சில இடங்களில் சேர்த்தார்.

படி 4: கண்ணாடி. தலைக்கு மேல் லேமினேட்டட் கண்ணாடியே, அதாவது தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியே, வேண்டும். உடைந்தாலும் துண்டுகள் நடுப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் 2.5 கிலோ எடை சேர்க்கும் என்பதால், 12 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோ.

படி 5: நீரும் வெயிலும். உச்சிப்பகுதியில் வளைவு மிகத் தட்டையானால் நீர் தேங்கும். ஓரத்தில் வடிகால் வேண்டும். வெப்பத்தைத் தணிக்கப் புள்ளிகள் அச்சிட்ட கண்ணாடி உதவும். கண்ணாடியைத் துடைக்க ஆள் ஏறும் வழியையும் இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.