தரங்கம்பாடியில் ஒரு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்கு முதன்முறை வருகிறவர்கள் பலர் நேரே கோட்டை முன்னால் வண்டியை நிறுத்துவார்கள், கடல் தெரிய நாலு படம் எடுப்பார்கள், இரண்டு மணி நேரத்தில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்துபோனேன். அடுத்த முறை தெருத்தெருவாக நடந்தபோதுதான் இங்கே நின்று பார்க்க வேண்டியவை சுவர்கள் என்று புரிந்தது. உப்புக்காற்று தின்ற ஒரு ஊரைக் கல் கல்லாக எப்படி மீட்டிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் கற்றுக்கொள்ள ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளை எப்படி நகர்த்துவது என்று சொல்கிறேன்.

1. நாளும் வழியும்

வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்குச் சுகமான மாதங்கள். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்களும் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறையிலிருந்து இங்கேயே ரயில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பாதை திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை.

தொப்பி, தண்ணீர், தேய்ந்துபோகாத செருப்பு போதும். முடிந்தால் முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள்.

2. விடியும்போது கடற்கரையில் இருங்கள்

கடல் கிழக்கே இருப்பதால் காலை வெளிச்சம் முதலில் அலைமேல் விழும், பிறகு மாசிலாமணிநாதர் கோயில்மேல் ஏறும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் இது, 1306-ஐச் சேர்ந்தது. ஊரை 'சடங்கன்பாடி' என்று சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது துறைமுக ஊர். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால், பிறகு பார்க்கும் எல்லாவற்றையும் சரியான வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கத்தான் கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்கள்மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும். கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம்.

மீன் பிடித்துத் திரும்பும் ஃபைபர் படகுகளையும் அந்த நேரத்தில் பார்க்கலாம். வலை பிரிக்கிறவர்களைப் படம் எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை நிறைய உயிர்களை இழந்தது. அந்த நாளைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நாமாகக் கிளற வேண்டாம்.

3. ஊருக்குள் வாசல் வழியாக நுழையுங்கள்

டிபன் முடித்ததும் மெயின் ரோட்டுப் பக்கம் போய், டேனிஷ் காலத்து நகர வாசலிலிருந்து நடையைத் தொடங்குங்கள். அங்கிருந்து கிங்ஸ் தெரு நேராகக் கடலுக்கு ஓடுகிறது. நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம், நீங்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. இரண்டாவது ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரையைத் தேடிப் பாருங்கள். உள்ளே ஜெர்மானியக் கிறிஸ்தவப் போதகர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1706 ஜூலையில் வந்து இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்து கற்றார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இங்கேதான் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. 36 வயதில், 1719-இல், சீகன்பால்கு இறந்துபோனார்.

4. சுவரைப் படியுங்கள்

இந்த நாளின் உயிர் இதுதான், அவசரப்படாதீர்கள். கோல்டுஸ்மித் தெருவுக்குத் திரும்புங்கள். சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே சாதாரணக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளைச் சீரமைத்தது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், உள்ளே முற்றம். மாளிகைகளைக் காப்பாற்ற எப்போதும் யாராவது வந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வீடுகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதனால் இந்தத் தெருமேல் எனக்குத் தனி மரியாதை.

ஒரு சுவர் பக்கத்தில் நின்று பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெளிச்சம் மெத்தென்று படும், ஓரங்கள் கத்திபோல் இல்லாமல் லேசாக மழுங்கியிருக்கும், உள்ளங்கையை வைத்தால் குளுமை தெரியும். சிமென்ட் பூச்சு சாம்பல் நிறத்தில் வழவழவென்று விறைத்து நிற்கும். சிமென்ட் போட்ட பழைய சுவரின் அடிப்பகுதியில் குனிந்து பார்த்தால், வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு பலகையாகக் கழன்று, பின்னால் செங்கல் பொடிப்பொடியாக உதிர்வது தெரியும்.

காரணம் எளிது. தரையிலிருந்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறுகிறது. சுண்ணாம்பு அந்த ஈரத்தை மூச்சுபோல வெளியே விட்டுவிடும். சிமென்ட் வழியை அடைத்துவிடும், ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், உப்பு அங்கே படிகமாகி செங்கலை உடைக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்த நம் கொத்தனார்களுக்கு இது பழகிய அறிவு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

இவை மனிதர்கள் குடியிருக்கும் தெருக்கள். திண்ணையில் உட்காரும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

5. வெயில் ஏறியதும் கோட்டை

உச்சிவெயிலுக்கு டேன்ஸ்போர்க் கோட்டையின் தடித்த சுவர்கள்தான் நல்ல நிழல். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுக்க, ஓவே கெட்டே என்ற கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கியது இது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை, வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் கூடவே போனது. ஊர் அப்படி அடங்கிப்போனதால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின.

கீழ்த்தளத்து வளைவு அறைகளில் கூரையை அண்ணாந்து பாருங்கள், மேலே ஏறிக் காற்று வாங்குங்கள். எதிர்த் திடலைத் தாண்டினால் டேனிஷ் ஆளுநர் பங்களா. உயர்ந்த தூண்களுக்குப் பின்னால் ஆழமான தாழ்வாரம். நம் திண்ணை பெரிதாக வளர்ந்து நிற்பதுபோல எனக்குத் தோன்றும்.

6. மாலை

நாலரை மணிக்கு மேல் கோட்டையின் நிழல் மணலில் நீளும், கடற்கரை உட்காரும் பதத்துக்கு வந்துவிடும். கொண்டுவந்த பிளாஸ்டிக்கை அங்கே விட்டுவிடாதீர்கள். இருட்டுவதற்குள் கிங்ஸ் தெரு வழியாகவே திரும்பி நடங்கள். வெயில் இப்போது மேற்கிலிருந்து வரும், காலையில் தட்டையாகத் தெரிந்த பூச்சில் கொத்தனாரின் கரணை போன தடம் வரிவரியாகத் தெரியும். நகர வாசலைத் தாண்டினால் மெயின் ரோடு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.