முதல் கைத்துப்பாக்கி: எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. அங்கே ஓயாமல் வரும் கேள்வி: "தினமும் உடம்போடு வைத்துக்கொள்ள குட்டி பிஸ்டல் நல்லதா, ரிவால்வர் நல்லதா?" ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரின் துளைகளில் இருக்கும். பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் இருக்கும், ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடித் திரும்பி அடுத்ததை ஏற்றும். உரிமம் எடுப்பது, வெளியே எடுத்துச்செல்லச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்ப்பது, வீட்டில் பூட்டி வைப்பது, சுடும் நொடி வரை ட்ரிகரில் விரல் படாமல் இருப்பது ஆகியவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் கடை வாசலையே மிதிக்கக் கூடாது. இவையெல்லாம் தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகள் சில உண்டு. நாங்கள் ஒருகாலத்தில் விழுந்த அதே குழிகள்தான், யாரும் புதிதாகத் தோண்டவில்லை.

கையில் தூக்கிப் பார்த்து முடிவெடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுண்ட்டரில் நான்கைந்து துப்பாக்கிகளை எடுத்து வைப்பார்கள். வாங்க வந்தவர் ஒவ்வொன்றாகத் தூக்குவார். இரும்பு ரிவால்வர் கனக்கும். 9 எம்எம் தோட்டா போடும் பிஸ்டல் பரவாயில்லை என்று தோன்றும். அலுமினியத்திலோ ஸ்காண்டியம் கலவையிலோ செய்த குட்டி ரிவால்வரைத் தூக்கியதும் முகம் மலரும். "அட, கையில் இருப்பதே தெரியவில்லையே!" வாங்க வந்தவர் பெண் என்றால் கடைக்காரர் தன் பங்குக்கு, "இதில் ஒன்றுமே இல்லை மேடம், ட்ரிகரை இழுத்தால் போதும்" என்பார். விற்பனை முடிந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டா ரிவால்வர் சீஃப்ஸ் ஸ்பெஷல், பின்னாளில் மாடல் 36 எனப்பட்டது, இரும்பு உடல் கொண்டது, அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதே குடும்பத்தின் அலுமினிய 642 சுமார் 410 கிராம். ஸ்காண்டியம் 340பிடி சுமார் 335 கிராம்தான், அதிலும் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைப் போடலாம். தோட்டா அதேதான் என்றால் துப்பாக்கியின் எடை பாதியாகும்போது பின்னுதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். இது அபிப்பிராயம் இல்லை, பள்ளிக்கூட இயற்பியல். பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் ஓடி, ஸ்பிரிங் அமுங்கி, அந்த அடி கொஞ்ச நேரத்துக்குப் பரவும். ரிவால்வரில் நகர்ந்து தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. மொத்தமும் உள்ளங்கைக்குத்தான்.

உதையோடு முடிந்தாலும் பரவாயில்லை. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை விரலால் பின்னிழுக்க முடியாதபடி மூடிய இந்த வகை ரிவால்வர்களில் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். நானூறு கிராம் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டே அதன் ஓர் உறுப்பை ஐந்து கிலோ விசையில் இழுக்கச் சொல்கிறோம். பீப்பாயோ இரண்டு அங்குலம்கூட இல்லை. குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவாக இருக்கும்போது மயிரிழை பிசகினாலும் இலக்கில் சாண் கணக்கில் தள்ளிப்போகும். தேர்ந்தவர்களே வியர்க்கிற துப்பாக்கியை ஆரம்பப் பாடத்துக்குத் தலையில் கட்டுகிறார்கள்.

ஒரு பெண்மணி அப்படித்தான் வந்தார். புத்தம்புது இலகு ரிவால்வர், கூடவே ஐம்பது தோட்டாப் பெட்டி, அதுவும் அழுத்தம் கூடிய ப்ளஸ் பி ரகம். முதல் குண்டு தாளில் பட்டது. இரண்டாவது தாளின் கீழ் ஓரம். மூன்றாவதுக்குக் கண்ணை மூடிவிட்டார். சிலிண்டர் காலியானதும் ஆள்காட்டி விரலை உதறிக்கொண்டே, "சார், இன்னிக்கு இது போதும் சார்" என்றார். பெட்டியில் மீதி நாற்பத்தைந்து.

நான் விடவில்லை. அடுத்த முறை சிலிண்டரில் இரண்டு நிஜத் தோட்டா, மூன்று வெடிக்காத டம்மி. எது எங்கே என்று அவருக்குத் தெரியாமல் சுற்றி மூடிக் கொடுத்தேன். டம்மி வந்த இடத்தில் சத்தம் இல்லை, உதை இல்லை, ஆனால் குழல்முனை மட்டும் இரண்டு விரற்கடை கீழே குத்தியது. வரப்போகிற அடியை எதிர்பார்த்து அவருடைய கையே முன்கூட்டித் துப்பாக்கியை அமுக்கிவிடுகிறது. அவரே பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சுடுதளத்தின் 9 எம்எம் பிஸ்டல் ஒன்றை, முழு அளவு, நல்ல கனம், கொடுத்தேன். பத்துக் குண்டும் ஒரு தட்டுக்குள் அடங்கின. "கனமாகத்தானே இருக்கிறது, எப்படி இது சுலபமாக இருக்கிறது?" என்றார். கனமாக இருப்பதால்தான்.

இதில் பெரிய நஷ்டம் பணம் இல்லை, அதுவும் போகிறது என்றாலும். வலிக்கிற துப்பாக்கியை யாரும் பயிற்சிக்கு எடுப்பதில்லை. அது அலமாரியில் கிடக்கும், ஐந்து தோட்டா சுட்ட அனுபவத்தோடு அவர் தன்னிடம் ஒரு பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். உறவினர் வாங்கிக்கொடுத்த பரிசு என்றால் இன்னும் மோசம். மாற்றவும் முடியாது, சொல்லவும் முடியாது.

என்னிடம் கேட்டால்: முதல் துப்பாக்கி அரைக் கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். 2018-ல் வந்த சிக் பி365 பிஸ்டல் அந்த எடைதான், 9 எம்எம்மில் மேகஸினில் பத்து, பீப்பாயின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறையில் ஒன்று. ரிவால்வர்தான் வேண்டும் என்றால் இரும்பு உடலாகப் பாருங்கள். பழகுவதற்கு .38 ஸ்பெஷல் தோட்டாவில் 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) குண்டுள்ள, தட்டை முனை வாட்கட்டர் ரகம் போடுங்கள், மிக மென்மையான தோட்டா. ஏற்கெனவே இலகு ரிவால்வரை வாங்கிவிட்டவரும் அதையே போடலாம். வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும் சுடுதளம் என்றால் ஐம்பது சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஐம்பதாவது குண்டுக்கும் இன்னொரு பெட்டி வேண்டும் என்று தோன்றினால் அதுதான் உங்களுடையது.

"ரிவால்வர் மக்கர் பண்ணாது" என்று நம்புவது

பாதி உண்மை. தோட்டா வெடிக்கவில்லையா, ட்ரிகரை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். உடம்போடு அழுந்திய நிலையிலும் சுடும். பிஸ்டலின் குழல்முனை எதன்மீதாவது அழுந்தினால் ஸ்லைடு கொஞ்சம் பின்னால் போய் சுடாமலே நின்றுவிடக்கூடும்.

மறுபாதியைக் கவுண்ட்டரில் சொல்ல மாட்டார்கள். இலகு ரிவால்வரின் உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் முனையில் உள்ள குண்டு அதன் உலோகக் கூட்டிலிருந்து மெல்ல முன்னால் கழன்று வரும். ஒன்று சிலிண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தால் போதும், சிலிண்டர் சுற்றாது. காலிக் கூடுகளை அரைகுறையாகத் தள்ளினால் ஒன்று, கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டும். பிஸ்டல் சிக்கினால் மேகஸினைத் தட்டி ஸ்லைடை இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரிவால்வர் சிக்கினால் பெரும்பாலும் பழுதுபார்க்கும் மேசைக்குத்தான் போக வேண்டும்.

குட்டி பிஸ்டலுக்கும் தன் பங்கு அடம் உண்டு. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழு தூரம் ஓடாது, காலிக் கூடு வெளியேறும் வாயிலிலேயே மாட்டி நிற்கும். சுடுகிறவர் துப்பாக்கியைக் குறை சொல்வார்.

ஸ்லைடை இழுத்துப் பார்க்காமல் "கை வலு இல்லை" என்று ஒதுக்குவது

முக்கால்வாசிப் பேருக்கு வலு இருக்கிறது, முறைதான் இல்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பார்கள். நான்கு விரல்களையும் உள்ளங்கையையும் ஸ்லைடின் மேல் கவித்து, துப்பாக்கியை உடம்பருகே வைத்து, குழல்முனை பாதுகாப்பான திசையிலேயே இருக்க, பிடித்த கையை முன்னால் தள்ளிப் பாருங்கள்.

தோட்டா சின்னது என்றால் ஸ்லைடும் இலகு என்ற நினைப்பும் தவறு. வால்தர் பிபிகே பிஸ்டல் போன்ற பழைய அமைப்பில் பீப்பாயோடு ஸ்லைடைப் பூட்டும் ஏற்பாடு இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அதை மூடி வைக்கின்றன. அதனால் 9 எம்எம்மைவிடக் குட்டையான .380 தோட்டா போடும் பிபிகேயின் ஸ்லைடு பல 9 எம்எம் பிஸ்டல்களைவிட முரண்டு பிடிக்கும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஇசட் போல இலகுவாக இழுக்கவென்றே செய்தவை இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் ரிவால்வர் சரிதான், ஆனால் ட்ரிகர் விரலுக்கு அந்த ஐந்து கிலோ முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐந்து தோட்டாவா பத்துத் தோட்டாவா என்ற சண்டை

முதல் இரண்டு எங்கே படுகின்றன என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

மேகஸினைக் கழற்றியதும் காலி என்று நினைப்பது

ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்தால் ஐந்து துளைகளும் கண்முன் இருக்கும். பிஸ்டல் ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்ளும். முதலில் மேகஸின், பிறகு ஸ்லைடு, பிறகு அறைக்குள் கண்ணும் விரலும். வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால் வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறிக்கொள்ளும்.

தினமும் அதே தோட்டாவை ஏற்றி இறக்குவது

இரவு இறக்கி, காலையில் அதையே அறைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. மேகஸினிலிருந்து அறைக்கு ஏறும் சரிவில் ஒவ்வொரு முறையும் முட்டி, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், ஆபத்தான அளவுக்கு. புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடக்கூடாது.

உறையில்லாமல் சட்டைப்பையிலோ கைப்பையிலோ போடுவது

வேண்டாம். ட்ரிகரை முழுதாக மூடும் உறை, அந்தப் பையில் வேறு எதுவும் கிடையாது.

பிஸ்டல் பிடியை ரிவால்வருக்குக் கொண்டுபோவது

பிஸ்டலில் இடது கட்டைவிரலை ஸ்லைடுக்குக் கீழே முன்னால் நீட்டி வைக்கப் பழகியிருப்போம். ரிவால்வரில் அந்த விரல் போய்ச் சேருமிடம் சிலிண்டருக்கும் பீப்பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒவ்வொரு குண்டுக்கும் அந்த இடுக்கிலிருந்து கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். .357-ல் தோலைக் கிழிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், கை பழைய ஞாபகத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். அதனால் பிஸ்டல்காரர் ரிவால்வரை எடுத்தால் நான் இலக்கைப் பார்ப்பதில்லை, அந்தக் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். அது மடங்கி வலது கட்டைவிரலின் மேல் கிடக்க வேண்டும்.