உறையை எடைபோடும்போது நேரும் தவறுகள்

அன்றாடப் பொருள்களின் உறைகளை மதிப்பிடும்போது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, கைக்குத் தட்டுப்படும் மேற்பரப்பையே முழுப் பொருளாக எடுத்துக்கொள்வதுதான். தேநீர்க் கடையின் பேப்பர் கப் இதற்குச் சரியான சான்று. ஒரு கப்பை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் விரலால் மெல்ல உரித்துப் பாருங்கள். காகிதம் கூழாகக் கழன்றுவர, உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன வழுவழுப்பான மெல்லிய படலம் மிஞ்சும். தேநீர் கசியாமல் காத்தது அந்தப் படலமே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளும் இருக்கின்றன.

சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிநிற உட்புறத்தை அலுமினியத் தாள் என்று நம்புவதும் இதே வகைத் தவறு. கசக்கினால் அலுமினியத் தாள் கசங்கியபடியே இருக்கும். பாக்கெட்டோ மெல்ல விரிந்துகொள்ளும், ஏனெனில் அது வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்த பிளாஸ்டிக் படலம். அந்த மிகமெல்லிய பூச்சுதான் ஈரத்தையும் ஆக்சிஜனையும் ஒளியையும் தடுத்து மொறுமொறுப்பைக் காக்கிறது என்பதால், அதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் அச்சிட்ட படலமும் பூச்சுள்ள படலமும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், பின்னர் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

பிளாஸ்டிக் பொருள்களில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணை மறுசுழற்சிக்கான உத்தரவாதமாகப் படிப்பவர்களும் பலர். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது: 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET), 5 என்றால் பாலிபுரோப்பிலீன். என்னைக் கேட்டால், பழைய பேப்பர் கடைக்காரரின் தராசு இதைவிட நம்பகமானது. பாலிஎத்திலீனால் மட்டுமே ஆன பால் கவர்களைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. சிப்ஸ் கவரை எவரும் விரும்பி வாங்குவதில்லை.

கண்ணாடி என்றாலே நல்லது என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கி வார்க்கப்படும் கண்ணாடி பாட்டில், அதே கொள்ளளவுள்ள பெட் பாட்டிலைவிடப் பல மடங்கு கனமானது. ஆகவே லாரியில் ஏற்றிச் செல்லும் செலவும் கூடும். கோலி சோடா பாட்டிலைப் போலத் திரும்பப் போய், கழுவி, மீண்டும் மீண்டும் நிரப்பப்படும்போதுதான் அந்த உழைப்புக்கும் எரிபொருளுக்கும் பொருள் உண்டாகிறது.

பிளாஸ்டிக் இல்லை என்பதற்காகச் செய்தித்தாளில் மடித்த வடையைப் பாராட்டவும் கூடாது. சூடான எண்ணெயில் அச்சுமை கரைந்து உணவில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதைத் தடைசெய்துள்ளன.

‘மக்கும்’ என்ற சொல்லை, எங்கே, எந்த வெப்பத்தில் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலக் கப், 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் தொடர்ந்து நிலவும் உரக்கூடத்தில் சில மாதங்களில் சிதைந்துவிடும். தோட்டத்துக் குழியில் புதைத்தால், ஓராண்டு கழித்துத் தோண்டினாலும் பெரும்பாலும் கப்பாகவே கைக்கு வரும்.